பழைய பாலம் என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: ஆற்றின் தென்கரையில் எங்கள் ஊர். வடகரையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. மாதம் 26 நாள் காரில் போய் வருகிறேன். தேசிய நெடுஞ்சாலைக்காகப் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே நான்கு வழிப் பாலம் கட்டுகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து 4 கி.மீ. தள்ளி சுங்கச்சாவடி வருகிறது. உள்ளூர்க்காரர்களுக்கு 20 கி.மீ. வரை இலவசம், ஆதாரைக் காட்டினால் போதும் என்கிறார்கள். ஒருவர் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆயுளுக்கும் லோக்கல் பாஸ் எடுத்துத் தருவதாக இப்போதே பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார். கொடுக்கலாமா? காலை நெரிசலாவது தீருமா? பாலம் கட்டிய காசு வசூலானதும் டோல் நின்றுவிடுமா? என் மைத்துனர் சரக்கு வேன் ஓட்டுகிறார், அவருக்கு ஏதாவது சலுகை உண்டா?

பதில்: அந்த 2,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஆயுள் பாஸ் என்று ஒன்று கிடையாது. திறக்காத சுங்கச்சாவடிக்குப் பாஸ் எடுத்துத் தர யாராலும் முடியாது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

ஆதாரைக் காட்டினால் இலவசம் என்பதும் தவறு. இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்றால், 2024 செப்டம்பரில் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. செயற்கைக்கோள் மூலம் தூரத்தை அளந்து கட்டணம் எடுக்கும் முறையில், அதற்கான கருவி பொருத்திய வண்டிக்கு ஒரு நாளில் ஒவ்வொரு திசையிலும் முதல் 20 கி.மீ.க்குக் கட்டணம் இல்லை என்றார்கள். உங்கள் காரில் இருப்பது கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக். அதற்கும் இந்தத் திருத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் '20 கி.மீ.', 'இலவசம்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. அதை நம்பி கவுண்டரில் சண்டை போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

உண்மையில் இருக்கும் சலுகை வேறு. 2008ஆம் ஆண்டின் கட்டண விதிகளில் 9ஆம் விதி. சுங்கச்சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் குடியிருப்பவர், சொந்த உபயோக வண்டிக்கு மாதாந்திர பாஸ் எடுக்கலாம். லோக்கல் பாஸ் என்பது இதைத்தான். 2007-08இல் 150 ரூபாய் என்று அடிப்படை வைத்தார்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் ஏறி, 2025-26இல் 350 ரூபாய்க்கு வந்தது. அந்த ஒரு சுங்கச்சாவடிக்கு மட்டும்தான் செல்லும். ஆர்.சி. புக், முகவரிச் சான்று, ஃபாஸ்டேக் மூன்றும் ஒரே வண்டி எண்ணுக்கும் ஒரே ஆளுக்கும் பொருந்தி வர வேண்டும். மாதம் 350 ரூபாய்தானே, நிம்மதி என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அதே விதியின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: சர்வீஸ் ரோடோ மாற்றுச் சாலையோ இருந்தால் இந்தப் பாஸ் தரக் கூடாது. உங்களுக்குக் கஷ்டம் வந்தால் இந்த வரியால்தான் வரும். உங்கள் ஊரில் மாற்றுச் சாலை எது? பக்கத்தில் நிற்கும் பழைய பாலம்தான்.

மூன்று விதமாக நடக்கலாம். பழைய பாலத்தை இடித்துவிட்டால் மாற்று வழி இல்லை, பாஸ் உண்டு. நல்ல நிலையில் வைத்துக் கார்களை விட்டால் நீங்கள் டோல் பக்கமே போக வேண்டாம், பாஸும் தேவையில்லை. மூன்றாவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். பாலம் நிற்கும், ஆனால் ஒரு முனையில் சிமெண்ட் கட்டையை உருட்டி வைத்திருப்பார்கள். அல்லது 'பலவீனமான பாலம்' என்று ஒரு தகரப் பலகை தொங்கும். பைக் மட்டும் நுழையும். அணுகுசாலையில் முழங்கால் அளவுக்குப் பள்ளம். காகிதத்தில் அது மாற்றுச் சாலை, கண்ணால் பார்த்தால் கார் போகாது. அந்த நிலையில் பாஸ் கேட்டால் "பழைய பாலம் இருக்கே சார்" என்பார்கள். பழைய பாலத்தில் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

இது ஏன் நடக்கிறது? புதுப் பாலம் திறந்ததும் பழைய பகுதியை நெடுஞ்சாலை ஆணையம் மாநிலத்துக்கு ஒப்படைக்கப் பார்க்கும். மாநிலத் துறை 'முதலில் பழுது பார்த்துக் கொடுங்கள், பிறகு வாங்கிக்கொள்கிறோம்' என்று எழுதும். அந்தக் கடிதம் மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஒரு பாலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. முப்பது வருடமாக இதைப் பார்த்துச் சலித்துவிட்டது எனக்கு.

நடைமுறையில், சர்வீஸ் ரோடு இருந்தும் லோக்கல் பாஸ் கொடுக்கும் சுங்கச்சாவடிகள் உண்டு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தக்காரர் மாறினால், அல்லது மேலே இருந்து ஒரு கேள்வி வந்தால், அடுத்த மாதமே நிறுத்துவார்கள். வாய்வார்த்தையாகக் கிடைத்ததை நீங்கள் எங்கே போய்க் கேட்பீர்கள்?

அதனால் பாலம் திறக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போதும். கேட்க வேண்டியது மூன்று. புதுப் பாலம் திறந்த பிறகு பழைய பாலத்தில் கார் போக அனுமதி உண்டா, இல்லையா? அதைப் பராமரிக்கப் போகும் துறை எது? இந்தச் சுங்கச்சாவடியைப் பொறுத்தவரை 9ஆம் விதியில் சொல்லும் மாற்றுச் சாலை எது, அதன் நீளம் எவ்வளவு? 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி எதையும் போடாதீர்கள். விளக்கம் சொல்வது தங்கள் வேலையில்லை என்று திருப்பிவிடுவார்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். இன்னொன்று, நம் மாநில அலுவலகங்களுக்கு ஒட்டுகிற கோர்ட் ஃபீ ஸ்டாம்பை இதில் ஒட்டாதீர்கள். ஆணையம் மத்திய அரசின் அமைப்பு, அங்கே அது செல்லாது. போஸ்டல் ஆர்டர் வையுங்கள், அல்லது ஆன்லைனில் கட்டுங்கள். இந்தப் பத்து ரூபாய்த் தவறால் திரும்பி வந்த மனுக்கள் எத்தனையோ.

'மாற்றுச் சாலை இல்லை' என்றோ 'பழைய பாலத்தில் கார் போகக் கூடாது' என்றோ பதில் வந்தால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பாஸுக்கு அதுதான் ஆதாரம்.

இப்போது அந்த ஏஜென்ட் விஷயம். ஒரு சுங்கச்சாவடியின் டீக்கடையில் ஒருமுறை ஒருவர் லேமினேட் செய்த அட்டைகளை விற்றுக்கொண்டிருந்தார். மேலே வண்டி எண், நடுவில் போட்டோ, கீழே ஜெராக்ஸில் மங்கிப்போன ஒரு சீல். வாங்கியவர் அதைக் கவுண்டரில் நீட்டினார். உள்ளே இருந்த பையன் அட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் பார்த்தது திரையை. கருவி ஃபாஸ்டேக்கைப் படித்தது, முழுக் கட்டணம் கழிந்தது, தடுப்பு ஏறியது. உண்மையான பாஸ் உங்கள் ஃபாஸ்டேக் கணக்கில்தான் ஏறும். கையில் தரும் அட்டைக்கு ஒரு மதிப்பும் இல்லை. சுங்கச்சாவடி அலுவலகத்தில் நீங்களே போய்க் கட்டி ரசீது வாங்குங்கள்.

இதைவிட மோசமானவர்கள், 'பாஸ் ஏற்றித் தருகிறேன்' என்று சொல்லி உங்கள் போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்பவர்கள். ஃபாஸ்டேக்கோடு வங்கிக் கணக்கு இணைந்திருக்கும்போது ஓடிபி சொல்வது பீரோ சாவியைக் கொடுப்பது மாதிரி. வருடாந்திர பாஸ் என்று வேறொன்று இருக்கிறது, அதன் பெயரிலும் போலி இணையதளங்கள் உண்டு. அது ராஜ்மார்க்யாத்ரா செயலியிலும் நெடுஞ்சாலை ஆணையத்தின் சொந்த இணையதளத்திலும் மட்டுமே கிடைக்கும். கூகுளில் தேடி, மேலே விளம்பரமாக வருவதைத் தட்டிவிடாதீர்கள்.

வருடாந்திர பாஸ் உங்களுக்குச் சரிப்படுமா? 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்குத் தொடங்கினார்கள். ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முந்துகிறதோ அதுவரை. போக ஒன்று, வர ஒன்று என்று உங்களுக்கு மாதம் 52 முறை ஆகிறது. நான்கு மாதம் முடியும் முன்பே தீர்ந்துவிடும். வருடத்துக்கு 9,000 ரூபாயைத் தாண்டும். மாதம் 350 என்றால் வருடத்துக்கு 4,200 ரூபாய்தான். ஆக, லோக்கல் பாஸ் கிடைத்தால் அதுவே லாபம். அதை மறுத்தால் மட்டும் வருடாந்திர பாஸுக்குப் போங்கள். அப்போதும், ஒருமுறை போகக் கட்டணம் 60 ரூபாய் என்று வைத்தால், 24 மணி நேரத்தில் திரும்புவதற்கான ஒன்றரை மடங்குக் கட்டணப்படி நாளுக்கு 90, மாதத்துக்கு 2,340 ரூபாய் கட்டுவதைவிட எவ்வளவோ மேல். உங்கள் ஃபாஸ்டேக் சேஸிஸ் எண்ணில் மட்டும் பதிவாகியிருந்தால் முதலில் வண்டி எண்ணைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வருடாந்திர பாஸ் ஏறாது.

'60 கி.மீ.க்குள் இரண்டு டோல் கூடாது, அதனால் இந்த டோலே வராது' என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். பாலம், புறவழிச்சாலை, சுரங்கப்பாதை மூன்றுக்கும் அந்த விதியிலேயே விலக்கு இருக்கிறது.

நெரிசல் பற்றிக் கேட்டீர்கள். ஆற்றின் மேல் தீரும், கரையில் தீராது. இப்போது இருக்கும் இரண்டு வழிப் பாலம், உங்களுக்குத் தெரியாமலேயே ஒரு வேலை செய்கிறது. வடகரை முச்சந்தி தாங்குகிற அளவுக்கு மட்டும் வண்டிகளை விடுகிறது. நான்கு வழியில் வந்து இறங்கினால் அதே முச்சந்தி திணறும். முதல் சில மாதம் நன்றாகவே இருக்கும். அப்புறம், நெரிசலுக்குப் பயந்து ஏழு மணிக்கே கிளம்பியவர்கள் எட்டரைக்கு மாறுவார்கள், வேறு பாலம் வழியாகச் சுற்றிப் போனவர்கள் இங்கே வருவார்கள், பஸ்ஸில் போனவர்கள் வண்டியை எடுப்பார்கள். பாலத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை முச்சந்திக்கு ஒதுக்கியிருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. ஆனால் பாலம் ஒரு துறை, முச்சந்தி இன்னொரு துறை.

டோலும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. புதியதில் காசு, பழையதில் இலவசம் என்றால் பழையதில்தான் எல்லோரும் போய் முட்டுவார்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் 2025 ஏப்ரல் 7 அன்று சில்வர்டவுன் சுரங்கப்பாதையைத் திறந்தபோது, அதுவரை இலவசமாக இருந்த பக்கத்துப் பிளாக்வால் சுரங்கப்பாதைக்கும் அதே நாளில் கட்டணம் போட்டார்கள். காருக்கு நெரிசல் நேரத்தில் 4 பவுண்டு, மற்ற நேரத்தில் 1.50, இரவு 10 முதல் காலை 6 வரை இலவசம். மக்களுக்கு அது பிடித்ததோ இல்லையோ, கட்டுமானச் செலவோடு நெரிசலைக் குறைப்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. நம் சுங்கச்சாவடியில் அதிகாலை மூன்று மணிக்குப் போனாலும் காலை ஒன்பதுக்குப் போனாலும் ஒரே காசு. இது கட்டுமானச் செலவை எடுக்கும் வசூல். நெரிசலைப் பற்றிய யோசனை அதில் இல்லை.

'வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் இலவசமாக விட வேண்டும்' என்பதும் இப்போது செல்லாது. 2021இல் அப்படி ஒரு நெறிமுறை வந்தது உண்மை, 2024இல் ஆணையமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் ஃபாஸ்டேக்கில் பணம் இருந்தும் அவர்கள் கருவி படிக்காவிட்டால் கட்டணமில்லாமல் விட வேண்டும், கட்டணம் பூஜ்ஜியம் என்று ரசீதும் தர வேண்டும். அது 2018 விதி, இன்றும் இருக்கிறது. சாலையே போகிற நிலையில் இல்லை என்றால் நீதிமன்றம் இருக்கிறது. கேரளத்தில் பாலியேக்கரை சுங்கச்சாவடியில், கட்டுமானப் பணிகளால் மணிக்கணக்கில் வண்டிகள் நின்றபோது, 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

காசு வசூலானதும் டோல் போய்விடுமா என்ற கேள்விக்கு டெல்லி-நொய்டா பாலத்தின் கதையைச் சொல்கிறேன். யமுனையின் மேல் 2001இல் திறந்தது. திட்டச் செலவின் மேல் ஆண்டுக்கு 20 சதவீத லாபம் உறுதி என்று 1997 ஒப்பந்தத்தில் எழுதினார்கள். ஒரு வருடம் அந்த லாபம் வராவிட்டால் குறையும் தொகை செலவிலேயே சேரும், அதன் மேல் மறுபடியும் 20 சதவீதம். வண்டிகள் காசு கட்டிக்கொண்டே இருந்தன, பாக்கி வளர்ந்துகொண்டே போனது. 2016இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடையில் பதினைந்து வருடம் மக்கள் கட்டியது கட்டியதுதான். 'காசு வந்ததும் நிறுத்திவிடுவார்கள்' என்ற வாக்குறுதியை எந்த மேடையில் கேட்டாலும் கணக்கில் எடுக்காதீர்கள்.

மைத்துனரின் வேன், சுங்கச்சாவடி இருக்கும் அதே மாவட்டத்தில் பதிவானதாக இருந்து, நேஷனல் பெர்மிட்டில் ஓடாமல் இருந்தால் பாதிக் கட்டணம். அது தானாக வராது, ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு சுங்கச்சாவடி அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்த பிறகும் முழுக் கட்டணம் கழிந்தால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.