முயலின் கழிவுத் தட்டில் எதைப் பரப்புவது?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டுப் பிராணிகள்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு முயல்கள் வளர்க்கிறோம். தட்டில்தான் கழிக்க வேண்டும் என்று பழக்கிவிட்டோம். ஆனால் அடைமழை பிடித்ததிலிருந்து தாழ்வாரத்தில் கண் எரியும் அளவுக்கு நாற்றம். மாமியாருக்கு ஆஸ்துமா இருப்பதால் முயல்களை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்துவிட்டது. பூனைக்கான மணலை வாங்கச் சொல்கிறார் ஒருவர். மரத்தூள் போதும் என்கிறார் இன்னொருவர். உமி கொட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. எங்கள் முயல்கள் தட்டில் போடுவதையெல்லாம் கடித்துத் தின்று பார்க்கின்றன. எதைப் போடுவது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கண் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். முயலின் சிறுநீர் வெளியேறும்போதே அவ்வளவாக நாறுவதில்லை. அதிலுள்ள யூரியாவைக் கூளத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் வாடை கிளம்புகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் டெல்டாவில் எதுவுமே காய்வதில்லை என்பதால், சித்திரையில் இரண்டு நாள் தாங்கிய கூளம் இப்போது ஒரே நாளில் நாறத் தொடங்குகிறது. நின்றுகொண்டிருக்கும் உங்களுக்கே கண் எரிகிறதென்றால், தட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்துக்கொண்டிருக்கும் முயலுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். முயல் இயல்பாக மூக்கினால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அம்மோனியா அந்த மூக்கின் உட்சவ்வைப் புண்ணாக்கும். அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளுக்கு அதுவே வழி திறந்துவிடும். தும்மலும் வெண்சளியும் தென்பட்டாலோ, மூக்கைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால்களின் உட்புற ரோமம் ஒட்டிப்போயிருந்தாலோ, கூளத்தை மாற்றுவதோடு நிறுத்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆகவே நல்ல கூளம் என்பது சிறுநீரைக் கீழே இழுத்துக்கொண்டு, மேல்பரப்பைக் காய்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். தூசி கிளப்பக் கூடாது. தின்றாலும் கேடு விளைவிக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனை பூனைக்கும் நாய்க்கும் அவ்வளவு முக்கியமில்லை, முயலுக்கு உயிர்ப் பிரச்சினை. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பூனைக்கென விற்கும் கட்டிபிடிக்கும் மணல் பெரும்பாலும் பென்டோனைட் களிமண்ணால் ஆனது. ஈரம் பட்டால் ஊதி இறுகும் அந்தக் களிமண், முயலின் குடலுக்குள்ளும் அதே வேலையைச் செய்து அடைத்துவிடலாம். அதன் நுண்தூசி உங்கள் மாமியாருக்கும் ஆகாது. அதை வாங்கவே வேண்டாம். வாசனை சேர்த்த மணலும், கண்ணாடித் துண்டு போலத் தோன்றும் சிலிக்கா மணிகளும் முயலுக்கு ஏற்றவை அல்ல.

மரத்தூளில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. அறுவை மில்லில் அள்ளித் தரும் தூளில் எந்த மரம் கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. பிளைவுட் தூளாக இருந்தால் அதில் பசையும் சேர்ந்திருக்கும். பைன், தேவதாரு போன்ற மரங்களின் பச்சைத் தூளிலிருந்து எழும் ஆவி, முயலின் கல்லீரல் நொதிகளை மாற்றக்கூடியது. சாமான் பெட்டிகளில் வரும் வெளிநாட்டுப் பலகைகள் பல பைன் மரத்தவை என்பதை நினைவில் வையுங்கள். உயர் வெப்பத்தில் உலர்த்தி அழுத்திய மரக் குருணைகளில் இந்த ஆவி பெரும்பாலும் நீங்கிவிடுவதால் அவற்றைப் பயன்படுத்தலாம்; ஈரத்தை நன்றாக உறிஞ்சி, வாடையையும் அடக்கும்.

உமியை அத்தை சொன்னதற்குக் காரணம் கோழிப் பண்ணைகளில் அதை ஆழ்கூளமாகப் போடுவதுதான். கோழி முயலைப் போலத் தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை; கூளத்தைக் காலால் கிளறிக் கிளறி உலர்த்தியும் விடுகிறது. முயலோ ஒரே மூலையில் திரும்பத் திரும்ப நனைக்கும். உமி அவ்வளவு நீரை உறிஞ்சாது. சிலிக்கா மிகுந்த அதன் கூர்முனைகள் கண்ணிலும் பாதத்திலும் உறுத்தும்.

நான் பரிந்துரைப்பது டெல்டாவில் எல்லோர் கைக்கும் எட்டும் ஓர் ஏற்பாடு. தட்டின் அடியில் பழைய செய்தித்தாளைக் கனமாக மடித்து விரியுங்கள். பளபளப்பான வண்ணத் தாள்கள் வேண்டாம். வசதியிருந்தால் அதன்மேல் காகிதக் குருணையோ மேலே சொன்ன மரக் குருணையோ ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். இல்லாவிட்டால் கிழித்த வெற்றுத் தாளே போதும். எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த வைக்கோலை ஒரு கை கனத்துக்குப் போடுங்கள். வைக்கோல் தனியாக அவ்வளவாக உறிஞ்சாது. சிறுநீரைக் கீழே விட்டுவிட்டுத் தான் காய்ந்திருப்பதே அதன் பயன். அதனால் முயலின் பாதம் ஈரத்தில் ஊறிப் புண்ணாவதில்லை. அதை முயல் கடித்துத் தின்றாலும் ஆபத்தில்லை. ஆனால் நெல் வைக்கோலில் சத்துக் குறைவு என்பதால் அதைத் தீவனமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அருகம்புல்லோ உலர்புல்லோ தனியாக வைக்க வேண்டும். முயல் தின்றுகொண்டே கழிக்கும் பழக்கமுடையது. எனவே புல்லைத் தட்டின் ஒரு முனையிலேயே கட்டித் தொங்கவிட்டால் மற்ற இடங்கள் சுத்தமாக இருக்கும்.

எந்த வைக்கோல் என்பதில்தான் கவனம் வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து நட்ட குறுவை, அறுவடைக்கு வரும் நேரத்தில் மழையும் வந்துவிடுகிறது. அந்த வைக்கோல் பல ஆண்டுகளில் நனைந்தே வீடு சேர்கிறது. இயந்திரம் சுற்றித் தரும் கட்டுகள் வெளியே பொன்னிறமாக இருந்தாலும் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடித்திருக்கும். தை, மாசியில் வெயில் காய்ந்து வரும் சம்பா வைக்கோலை வாங்கிப் பரணில் சேமித்து, அடுத்த மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது. எதை வாங்கினாலும் கட்டைப் பிரித்து நடுப்பகுதியை உதறிப் பாருங்கள். புகைபோலத் தூசி எழுந்தாலோ, கரும்புள்ளி தெரிந்தாலோ, மக்கிய வாடை அடித்தாலோ அது முயலுக்கும் ஆகாது, ஆஸ்துமா உள்ளவருக்கும் ஆகாது. அறுவடைக்குச் சற்று முன்பு மருந்து தெளித்த வயலா என்று விற்பவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

நனைந்த மூலையை நாள்தோறும் அள்ளிவிடுங்கள். மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் முழுவதையும் மாற்றுங்கள். பழைய கூளத்திலிருந்து புழுக்கையோடு ஒரு பிடியைப் புதிய கூளத்தின் மூலையில் போட்டால் முயல் இடத்தை மறக்காது. சாரலுக்காகத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தால் மேற்பக்கத்தில் ஒரு முழம் திறந்து விடுங்கள். காற்று வெளியேற வழியில்லாத இடத்தில் எந்தக் கூளமும் நாற்றத்தை அடக்காது.

கேள்வி: முயல் தட்டில் சுண்ணாம்புத் தூள் தூவலாமா? கூண்டைச் சுற்றி அந்துருண்டை போட்டுப் பினாயிலால் கழுவுகிறோம். வாடை குறைந்தபாடில்லை.
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: மூன்றையும் இன்றே நிறுத்திவிடுங்கள். அம்மோனியா காரத்தன்மை உடையது, சுண்ணாம்பும் காரமே. ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு சேரும்போது அம்மோனியா அடங்குவதற்குப் பதிலாக இன்னும் வேகமாகக் காற்றில் கிளம்பும். முயலின் பாதத்தையும் அது அரிக்கும். அந்துருண்டையின் ஆவி நஞ்சு. பினாயிலின் எச்சம் காலில் ஒட்டினால், முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது வயிற்றுக்குள் போகும். பிளீச்சிங் பவுடரையும் சிறுநீர் தேங்கிய தட்டில் போடாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்து அது நச்சு வாயுவைத் தரும்.

காரத்தைத் தணிக்க அமிலம் வேண்டும். தட்டைக் காலிசெய்து, வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி, முழுக்க உலர்த்திய பிறகு கூளம் போடுங்கள். தட்டின் அடியில் படியும் வெள்ளை ஏடு சுண்ணாம்புச் சத்துதான். அது வினிகரில் கரையும். அந்த ஏட்டில் சிக்கிய கிருமிகளால்தான் சிலருக்குப் புதுக் கூளம் போட்ட மறுநாளே வாடை திரும்புகிறது. தகரத் தட்டு அரித்துப்போகும் என்பதால், கொத்தனார்கள் சாந்து சுமக்கும் பிளாஸ்டிக் சட்டியில் அகலமான ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது. அதை முயலுக்குப் போடலாமா? அழுக்கான கூளத்தைத் தென்னைக்கு இடலாமா?
— ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும், வாடையையும் ஓரளவு அடக்கும். ஆனால் காய்ந்தால் நுண்தூசியாகப் பறக்கும், தின்றால் வயிற்றில் ஊறிப் பருக்கும். ஆகவே முயலின் வாய்க்கு எட்டாத அடியடுக்காக மட்டும் பயன்படுத்துங்கள்: தட்டில் லேசாக ஈரப்பதமுள்ள நார்க்கழிவு, அதன்மேல் இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் வலைத்தட்டு, அதற்கும் மேல் வைக்கோல். வலைக்கு மேலே வைக்கோல் இல்லாமல் விடாதீர்கள். வெறும் வலையில் நிற்கும் முயலுக்குப் பின்னங்காலின் அடியில் புண் வரும்.

அழுக்குக் கூளத்தைத் தாராளமாகத் தென்னைக்கு இடலாம். புழுக்கையை அப்படியே மண்ணில் கலக்கலாம். சிறுநீரில் ஊறிய காகிதத்தையும் வைக்கோலையும் குப்பைக்குழியில் மக்கவைத்துப் போடுவது நல்லது. அந்தக் குழி முயல் கூண்டுக்கு அருகில் இருக்க வேண்டாம், ஈ மொய்க்கும். கழிவு ஒட்டிய ரோமத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் ஓரிரு நாளில் முயலின் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கேள்வி: வெள்ளைத் தாள் போட்ட பிறகு முயலின் சிறுநீர் சிவப்பாகத் தெரிகிறது. சில நாள் சுண்ணாம்புத் தண்ணீர் போலவும் இருக்கிறது. பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: முயலின் சிறுநீர் மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை இயல்பாகவே மாறும், அதிலுள்ள நிறமிகளும் தின்ற கீரையும் அதற்குக் காரணம். சீரான சிவப்பு என்றால் கவலை வேண்டாம். நடுநடுவே இரத்தத் துளியோ கட்டியோ தெரிந்தால், அல்லது முயல் முக்கி முக்கிக் கழித்தால், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். முயல் தேவைக்கு மேல் உண்ட கால்சியத்தைச் சிறுநீரிலேயே வெளியேற்றுவதால் வெண்மையாகத் தெரிகிறது. வளர்ந்த முயலுக்கு முருங்கைக்கீரையையும் குதிரைமசாலையும் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். தண்ணீரைக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள்.

கேள்வி: ஆண் முயல் தட்டை விட்டுவிட்டுச் சுவரெல்லாம் பீய்ச்சுகிறது. வாடையும் கடுமையாக இருக்கிறது. கூளத்தை மாற்றினால் சரியாகுமா?
— ஒரு வாசகர், திருவையாறு

பதில்: ஆகாது. பருவம் எய்திய ஆண் முயல் எல்லை குறிக்கவே அப்படிச் செய்கிறது. ஆண்மை நீக்க அறுவை சிகிச்சைதான் வழி. அதன்பிறகு சில வாரங்களில் பீய்ச்சுவதும் வாடையும் பெரும்பாலான முயல்களில் வெகுவாகக் குறையும். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரையே நாடுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். சிகிச்சைக்கு முன்பு முயல் எந்தக் கூளத்தில் இருந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பைன் தூளில் கிடந்த முயலின் கல்லீரல் மயக்க மருந்தை வழக்கத்தைவிட வேகமாகக் கழித்துவிடக்கூடும். நாய், பூனைக்குச் செய்வதுபோல முதல்நாள் இரவிலிருந்து பட்டினி போட வேண்டாம். முயலின் குடல் வெறுமையாக நிற்கக் கூடாது. சிகிச்சை முடிந்து காயம் ஆறும்வரை தட்டில் வைக்கோலையும் எடுத்துவிட்டு, வெறும் தாளோ சுத்தமான பருத்தித் துணியோ விரித்து, நனைந்தவுடன் மாற்றுங்கள்.