பதில்: பெட்ரோல் மிச்சம், ஆனால் ஈபி பில் இரட்டிப்பு

பகலில் ஓடும் ஏசிதான் காரணமாக இருக்கும், லேப்டாப்பைச் சந்தேகப்படாதீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்து மிச்சம் பிடித்த பெட்ரோல் காசையெல்லாம் ஈபி பில் தின்கிறது என்கிறீர்கள். ஒரு டன் ஏசி நிற்காமல் ஓடினால் மணிக்குச் சுமார் 1 யூனிட். தினம் 8 மணி நேரம், மாதம் 22 நாள். இரண்டு மாத பில்லில் 350 யூனிட் கூடும்.

அதைவிட உதைப்பது 500 யூனிட் கோடு. தமிழ்நாட்டில் அதை ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணம் போய்விடும்.

காலை லாகின் செய்யும்போதும் மாலை முடிக்கும்போதும் மீட்டரைக் குறித்து வையுங்கள். மூன்று நாள் போதும். அப்புறம் ஒரு நாள் வெறும் ஃபேனோடு.

ஆனால் போன பில்லோடு ஒப்பிட வேண்டாம், போன வருஷம் இதே மாதங்களைப் பாருங்கள். வெயில் காலத்தில் ஆபீஸ் போயிருந்தாலும் கொஞ்சம் ஏறியிருக்கும்.