பங்குச்சந்தை கேள்வி - பதில்: 199 ரூபாயில் ஏன் அடிபடுகிறது?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக 180-க்கும் 200-க்கும் நடுவில் கிடந்த ஒரு பங்கு 200-ஐத் தாண்டியதும், 201-இல் 500 பங்குகள் வாங்கி, விலை இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப்லாஸ் ஆர்டரை 199-இல் வைத்தேன். அன்று மதியமே 198.50-க்கு இறங்கி என்னை வெளியேற்றியது; அடுத்த வாரம் 218-க்குப் போய்விட்டது. இப்படி மூன்று முறை. ஸ்டாப்லாஸ் போடாமலே இருந்துவிடலாமா? தீபாவளிச் சரக்குக்கு ஒதுக்கிய ஒன்றரை லட்சத்தில்தான் வியாபாரம் செய்கிறேன். வாங்குவதற்கு முந்தைய ஐந்து நாள் விலைகளையும் அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் தம்பி. பங்கைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஸ்டாப்லாஸ் வைத்த இடம்தான் தவறு.

இரண்டு மாதம் தடையாக நின்ற 200-ஐ விலை தாண்டியதும், கீழே வாங்கியவர்கள் லாபத்தை எடுக்க விற்பார்கள். விலை ஒருமுறை 200-க்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு மேலே திரும்புவது அடிக்கடி நடக்கும். உங்கள் 199 அந்த இடத்திலேயே இருக்கிறது. 500 பங்குக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் இழக்கக்கூடாது என்று கணக்குப் போட்டு அதை வைத்திருக்கிறீர்கள். முதலில், இந்த பிரேக் அவுட், அதாவது விலை தடையைத் தாண்டியது, பொய்த்துவிட்டது என்று எந்த விலையில் ஒப்புக்கொள்வீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஸ்டாப்லாஸ் அதற்குக் கீழே இருக்கட்டும். இழப்பைக் குறைக்க வேண்டுமானால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

சத்துவாச்சாரியில் என் மேசையில் இதற்கென்றே ஒரு நீள நோட்டு இருக்கிறது. தடையைத் தாண்டுவதற்கு முந்தைய ஐந்து நாள்களின் குறைந்த விலைகளைப் பென்சிலால் எழுதி, மிகக் குறைந்ததை வட்டமிடுவேன். நீங்கள் அனுப்பியதையும் எழுதினேன்: 194.80, 195.60, 194.20, 196.10, 197. வட்டம் 194.20-இல் விழுந்தது. ஸ்டாப்லாஸை நான் 193-இல் வைத்திருப்பேன். 202 வரை கொடுத்து வாங்கினாலும் பங்குக்கு ஒன்பது ரூபாய் இழப்பு. ஒன்றரை லட்சத்தில் ஒரு சதவீதம், அதாவது 1,500 ரூபாய்தான் போகலாம் என்றால் 166 பங்குகள். 500 அல்ல. உங்கள் 198.50 இந்த ஸ்டாப்லாஸைத் தொட்டே இருக்காது.

கடையில் கூட்டம் இருக்கும்போது செல்போனைப் பார்த்து வாங்கவும் வேண்டாம். வாங்குவதற்கும் ஸ்டாப் ஆர்டர் உண்டு. டிரிக்கர் விலை 201, லிமிட் விலை 202 என்று கொடுங்கள். விலை 201-ஐத் தொட்டால்தான் ஆர்டர் உயிர் பெறும். 202-க்கு மேல் வாங்காது. காலை 9.15-க்கே 208-இல் தொடங்கினால் வாய்ப்பு போய்விடும். போகட்டும், 208-இல் வாங்கினால் 193 வெகு தூரம். வால்யூம், அதாவது கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை, கூடாமல் தடையைத் தாண்டும் பங்கை நான் தொடுவதில்லை.

விற்கும் பக்கத்தில், அதாவது ஸ்டாப்லாஸில், மட்டும் டிரிக்கருக்கும் லிமிட்டுக்கும் தாராளமாக இடைவெளி விடுங்கள்; அங்கே லிமிட்டுக்குக் கீழே விற்காது. 2024 ஜூன் 3 அன்று மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்பு உற்சாகத்தில் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி புதிய உச்சத்தில், 23,263-இல் முடிந்தது. அன்று நானும் ஒரு பிரேக் அவுட்டில் வாங்கினேன். மறுநாள் வாக்கு எண்ணிக்கையின்போது சந்தை சரிந்து, 21,884-இல் முடிந்தது. என் ஸ்டாப்லாஸில் டிரிக்கருக்கும் லிமிட்டுக்கும் 50 காசுதான் இடைவெளி. டிரிக்கர் அடித்தது, விலை அதைவிட வேகமாக லிமிட்டையும் தாண்டி இறங்கியதால் ஆர்டர் விற்காமல் நின்றது. மூன்று ரூபாய் விட்டிருந்தால் வெளியேறியிருப்பேன். சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்றைய சந்தை முடிந்ததும் ரத்தாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். பங்கு கையில் இருக்கும்வரை தினமும் காலையில் மறுபடி போடுங்கள்.

இன்னொன்று, தம்பி. சரக்குப் பணத்தை இந்த வாரமே வெளியே எடுத்துவிடுங்கள். நெசவாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய நாளில் அது கையில் இருக்க வேண்டும். மீதி எவ்வளவு நிற்கிறதோ, அதற்கு ஒரு சதவீதம் என்று பங்குகளின் எண்ணிக்கையை மறுபடி கணக்கிட்டு எனக்கு எழுதுங்கள், சரிபார்த்துச் சொல்கிறேன்.