ஓவியக் கூடத்துக்கு வெளிச்சம்: கேள்வி பதில்

கேள்வி: நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ்தான் என்கிறார்கள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). அறையே மங்கிக் கிடக்கிறது. கொஞ்சம் கூட்டினால் என்ன?

பதில்: கூட்டலாம், நாள்களைக் குறைத்தால். வெளிச்சத்தின் சேதம் சேர்ந்துகொண்டே போகும். விளக்கை அணைத்தாலும் போன நிறம் திரும்பாது. எளிதில் மங்கும் சாயங்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி (லக்ஸ் அளவை மணிக்கணக்கால் பெருக்கியது) என்று வரம்பு வைத்திருக்கிறது சி.ஐ.இ. என்கிற சர்வதேச ஒளி ஆணையம். 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் மாட்டிவைத்தால் 37, 38 நாளில் ஓராண்டுக் கணக்கு தீர்ந்துவிடும். 100 லக்ஸ் என்றால் அதிலும் பாதி நாள்தான்.

அதனால் முதலில் சுற்றியிருப்பதன் வெளிச்சத்தைக் குறையுங்கள். பளீர் வெள்ளைச் சுவரில் சோகையாகத் தெரியும் படம், சாம்பல் சுவரில் எடுப்பாக நிற்கும். முன்னறையையும் மங்கலாக வையுங்கள். வெயிலிலிருந்து நேராக வருகிற கண்ணுக்கு 50 லக்ஸ் இருட்டுதான். பழகச் சில நிமிடமாவது வேண்டும்.

கேள்வி: எல்.இ.டி.யில் புற ஊதா இல்லையே, அப்புறம் என்ன பயம்?

பதில்: அநேகமாக இல்லை, சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே நிறத்தைத் தின்னும். வான்கோ 1888இல் தீட்டிய 'படுக்கையறை' ஓவியத்தில் இன்று நீலமாக இருக்கும் சுவர்கள் முதலில் கத்தரிப்பூ நிறம். சிவப்புச் சாயம் மங்கிப்போய் நீலம் மிஞ்சியது.

கேள்வி: சி.ஆர்.ஐ. (நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்கிற மதிப்பெண்) 90 என்று விளக்குப் பெட்டியில் போட்டிருக்கிறது. போதுமா?

பதில்: அடர் சிவப்புக்கான மதிப்பெண்ணான ஆர்9 எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். சி.ஆர்.ஐ. என்பது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை. ஆர்9 குறைவாக இருந்தால் குங்குமச் சிவப்பு செங்கல் தூள்போல் தெரியும்.

கேள்வி: கண்ணாடி போட்ட படத்தில் விளக்கு பளிச்சிடுகிறது. எங்கே வைப்பது?

பதில்: செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்வில் தொடங்குங்கள். விளக்கு படத்தின் நடுப்பகுதியைவிட 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரிலிருந்து சுமார் 1.15 மீட்டர் தள்ளி வரும். இன்னும் தள்ளினால் பார்ப்பவரின் நிழலே படத்தில் விழும். சுவரை ஒட்டினால் சட்டத்தின் நிழல் விழும். ஒருமுறை நான் ஏணிமேல் நின்றே எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு இறங்கினேன். கீழிருந்து பார்த்தால், உருவப்படத்துக் கிழவரின் நெற்றியில் கறுப்புப் பட்டை கட்டியதுபோல் சட்டத்தின் நிழல்! ஏணியிலிருந்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: சிற்பத்துக்கும் இதேதானா?

பதில்: இல்லை. ஒரு பக்கம் பலமான விளக்கு, எதிர்ப்பக்கம் மெலிதாக ஒன்று. கீழிருந்து மட்டும் வேண்டாம், பேய்க்களை வந்துவிடும்.

கேள்வி: போன் செயலியில் லக்ஸ் அளக்கலாமா?

பதில்: இரண்டு இடங்களை ஒப்பிட ஆகும். 50ஆ 80ஆ என்று முடிவெடுக்க ஆகாது, லக்ஸ் அளக்கும் மீட்டர் கருவி வாங்கிவிடுங்கள். அளக்கும்போது அதன் வெள்ளைக் குமிழ் படத்துக்கு முதுகைக் காட்டி வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். உங்கள் தலை நிழல் அதன்மேல் விழாமல் ஒதுங்கி நில்லுங்கள்.