காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப: எடின்பரோ கேள்வி-பதில்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் போய்வரும் கோடைப் பயணத்துக்கு இப்போதே திட்டம் போடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு வேண்டுகோள்: எந்த மாதம் வருகிறீர்கள், எத்தனை பேர், கார் உண்டா இல்லையா என்று எதுவும் எழுதாமல் "எங்கே போகலாம்?" என்று மட்டும் கேட்டால், நான் சொல்லக்கூடியது "ஸ்டர்லிங்" என்ற ஒரு சொல்தான்.

கே: அப்பா அம்மா வருகிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. அதிகம் அலையாமல் பார்க்க ஓர் இடம் சொல்லுங்களேன்.

லின்லித்கோ. எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து ரயிலில் 20 நிமிடம். நிலையத்திலிருந்து அரண்மனைக்கு மெல்ல நடந்தாலும் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். ஸ்காட்லாந்து அரசி மேரி 1542 டிசம்பரில் பிறந்த இடம் இது. 1746-ல் தீப்பிடித்ததிலிருந்து கூரை கிடையாது, சுவர்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. மேல்தளங்களுக்குப் போக சுழல் படிக்கட்டுதான், அம்மாவை ஏற்றாதீர்கள். முற்றத்தின் நடுவில் மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் வைத்த மூன்றடுக்கு நீரூற்று இருக்கிறது. அதில் செதுக்கியிருக்கும் உருவங்களைப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். அப்புறம் பின்பக்கத்து ஏரியும் அன்னங்களும்.

இங்கே பழைய கட்டடங்களில் கல் பழுது பார்க்கும் வேலை எப்போதும் எங்காவது நடந்துகொண்டே இருக்கும். எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று முந்தின நாள் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடைசி நுழைவு நேரத்தையும் பாருங்கள். மூடும் நேரமும் அதுவும் ஒன்றல்ல.

கே: ஃபோர்த் பாலத்தை ரயிலில் கடந்தாலே பார்த்த மாதிரிதானே?

இல்லை. பெட்டிக்குள் இருந்து பார்த்தால் சிவப்பு இரும்புக் கம்பங்கள் கண்ணுக்கு முன்னால் ஓடும், அவ்வளவுதான். பாலம் ஏறுவதற்கு முந்தைய நிலையமான டால்மெனியில் இறங்கி, படிக்கட்டு வழியாகக் கீழே சவுத் குவீன்ஸ்ஃபெரிக்குப் போங்கள். ஹாஸ் படகுத்துறையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். தலைக்கு மேல் ஏறக்குறைய 46 மீட்டர் உயரத்தில் ரயில் போகும்போதுதான் அந்த 53,000 டன் எஃகின் அளவு பிடிபடும். 1879 டிசம்பரில் டே ஆற்று ரயில் பாலம் புயலில் ரயிலோடு சரிந்த பிறகு கட்டியது. இனி யாரும் பயப்படக்கூடாது என்பதற்காகவே அத்தனை தடிமன். திறந்தது 1890-ல். பக்கத்திலேயே 1964-ன் சாலைப் பாலமும் 2017-ன் புதுப் பாலமும் வரிசையாக நிற்கின்றன. கோடையில் அதே துறையிலிருந்து இஞ்ச்கோம் தீவுக்குப் படகு உண்டு, அங்கே ஒரு பழைய மடாலயம் இருக்கிறது. கடைசிப் படகு நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கே: செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் டிக்கெட் எடுக்கப் பார்த்தேன். நிலையத்தின் பெயரே ஆப்பில் வரவில்லை. ஆப் கெட்டுவிட்டதா?

ஆப் நன்றாகத்தான் இருக்கிறது. நிலையத்தை 1969-லேயே மூடிவிட்டார்கள். லூக்கர்ஸுக்கு டிக்கெட் எடுங்கள், ஒரு மணி நேரம். அங்கிருந்து பஸ் பத்து, பதினைந்து நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை போனால் ஒரு லாபம்: புகழ்பெற்ற ஓல்ட் கோர்ஸில் வழக்கமாக அன்று கோல்ஃப் கிடையாது. யார் வேண்டுமானாலும் புல்லில் நடக்கலாம், ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் கூட வந்தால் பேராலயத்தின் இடிபாட்டைவிடக் கோட்டைக்கு நேரம் ஒதுக்குங்கள். 1546-47 முற்றுகையில் வெளியே இருந்தவர்கள் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்ட, உள்ளே இருந்தவர்கள் சத்தத்தை வைத்து எதிர்ச் சுரங்கம் தோண்டிப் போய் முட்டினார்கள். இரண்டும் இன்னும் இருக்கின்றன. உள்ளே இருந்தவர்கள் தோண்டியது ஆள் கூனிக் குறுகிப் போகும் அளவுக்குக் குறுகல், வெளியே இருந்தவர்கள் தோண்டியது தாராளமானது. அவசரம் எந்தப் பக்கம் இருந்தது என்று பத்து வயதுப் பையனும் சொல்லிவிடுவான். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது வேண்டாம்.

கே: எடின்பரோ கோட்டை, ஸ்டர்லிங் கோட்டை இரண்டில் ஒன்றுதான் முடியும். எது?

ஸ்டர்லிங். கூட்டம் குறைவு, அறைகள் அதிகம், எடின்பரோ கோட்டையை வெளியே நின்று பார்த்தாலே பாதி பார்த்த மாதிரி. ரயிலில் 50 நிமிடம். நிலையத்திலிருந்து கோட்டை வரை நல்ல ஏற்றம். பெரியவர்கள் இருந்தால் டாக்சி. நேரம் மிஞ்சினால் வாலஸ் நினைவுக் கோபுரம், 246 படி. மேலே போனால் 1297-ல் வாலஸின் படை ஆங்கிலேயரோடு சண்டை போட்ட ஆற்று வளைவு தெரியும். நேரம் மிஞ்சினால் என்றுதான் சொன்னேன்.

கே: எங்களுக்கு ஒரே ஒரு ஃப்ரீ டே இருக்கிறது. லாக் நெஸ், கிளென்கோ, ஸ்கை தீவு, ஹாரி பாட்டர் பாலம் நாலையும் கவர் பண்ண பெஸ்ட் ரூட் சொல்லவும்.

மேப்பை ஒரு தடவையாவது திறந்து பார்த்தீர்களா? ஸ்கை தீவுக்குக் காரில் போகவே ஐந்து மணி நேரம். திரும்ப இன்னொரு ஐந்து. நீங்கள் ஹாரி பாட்டர் பாலம் என்கிற கிளென்ஃபின்னன் பாலத்துக்குப் போக மூன்றரை மணி நேரம், அங்கே நீராவி ரயில் வரும் நேரத்துக்குக் காத்திருப்பது தனி. இந்த இரண்டையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

மிச்சம் லாக் நெஸ்ஸும் கிளென்கோவும். எடின்பரோவில் பஸ் ஏற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலாக்கள் நிறைய உண்டு, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பங்கு அதைப் பற்றித்தான். அவர்கள் ஏமாற்றுவதில்லை, எழுதியிருப்பதைத்தான் செய்கிறார்கள். நாம்தான் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. காலை எட்டு மணிக்குப் புறப்பாடு, இரவு எட்டு மணிக்குத் திரும்பல். போக ஏறக்குறைய 270 கிலோமீட்டர், வர அதே அளவு. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் எட்டு மணி நேரத்துக்குமேல் பஸ் இருக்கையில்தான். கிளென்கோவில் பதினைந்து, இருபது நிமிடம் நிற்பார்கள். அதில் பாதி கழிவறை வரிசையில் போய்விடும். லாக் நெஸ் கரையில் உள்ள ஃபோர்ட் அகஸ்டஸில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதற்குள் சாப்பாடு, அதற்குள் படகு. படகுக்குப் பெரும்பாலும் தனிக் காசு.

சரி, அங்கே போய்ப் பார்ப்பது என்ன? ஓர் ஏரி: 37 கிலோமீட்டர் நீளம், 230 மீட்டர் ஆழம், கரையோர மண்ணின் கரி நிறம் கலந்து டீ டிகாக்‌ஷன் மாதிரி கறுத்த தண்ணீர். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் ஏரிகளையும் சேர்த்தாலும் இவ்வளவு தண்ணீர் இல்லை என்பது உண்மைதான், ஆனால் படகில் இருந்து பார்த்தால் அது தெரியாது. அந்த ஏரியில் இருப்பதாகச் சொல்லும் மிருகத்தின் கதை செய்தித்தாளில் பெரிதானது 1933-ல். அடுத்த வருடம் வந்த அந்தக் கழுத்து நீட்டிய போட்டோ போலி என்பது 1994-ல் வெளியே வந்தது. இதற்கா பன்னிரண்டு மணி நேரம்?

லாக் நெஸ் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஓர் இரவு இன்வர்னெஸ்ஸில் தங்குங்கள். ரயிலில் மூன்றரை மணி நேரம், கெய்ர்ங்கார்ம் மலைப்பக்கமாகப் போகும் அருமையான பாதை. மறுநாள் காலை உள்ளூர் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் அர்க்கர்ட் கோட்டை. அந்த இடிந்த கோபுரத்தில் நின்று பார்க்கும்போதுதான் ஏரி ஏரியாகத் தெரியும். ஓர் இரவு இல்லையா? ஏரிதான் வேண்டும் என்றால் லாக் லோமண்டுக்குப் போங்கள். கிளாஸ்கோவில் மாறி பாலாக் வரை ரயில், இரண்டு மணி நேரத்தில் கரையில் நிற்கலாம். பரப்பளவில் பிரிட்டனிலேயே பெரியது அதுதான், மலையும் உண்டு, தீவுகளும் உண்டு. விற்கத்தான் மிருகம் இல்லை.

ஒருநாள் பயணத்துக்கு என் கணக்கு இது: போகும் நேரமும் வரும் நேரமும் சேர்ந்து, அங்கே நிற்கும் நேரத்தைத் தாண்டக்கூடாது. இரண்டு மணி நேரப் பாதை என்றால் அதுவே எல்லை. இருந்தும் பஸ்ஸில் போவேன், ஜன்னல் வழியே மலைகளைப் பார்த்தாலே போதும் என்கிறவர்கள் தாராளமாகப் போகலாம், ரானக் மூர் வெட்டவெளியும் கிளென்கோ மலைகளும் ஜன்னலிலும் அழகுதான். கோடைக்காலத்தில் போங்கள். டிசம்பரில் போனால் திரும்பும் வழி முழுக்க இருட்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் மிட்ஜ் என்ற பொடிக் கொசு கடித்துக் குதறும், தடவிக்கொள்ள மருந்து வாங்கி வையுங்கள்.

கே: அம்மாவுக்கு 62 வயது. இங்கே அறுபது தாண்டியவர்களுக்கு பஸ் இலவசம் என்கிறார்களே?

ஸ்காட்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு, அதுவும் அட்டை வாங்கியவர்களுக்கு. சுற்றுலா வந்தவர்களுக்கு இல்லை. 22 வயதுக்குக் கீழே உள்ள, இங்கே தங்கிப் படிக்கும் மாணவர்கள் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பலர் விண்ணப்பிக்காமலே படிப்பை முடித்துவிட்டுப் போகிறார்கள். ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை: ஸ்காட்லாந்து ரயில் நிறுவனமான ஸ்காட்ரெயிலில் 2025 செப்டம்பரிலிருந்து பீக் கட்டணம், அதாவது நெரிசல் நேரத்துக்கான கூடுதல் கட்டணம், கிடையாது. காலை நெரிசல் முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைத் தூக்கிப் போடுங்கள்.

கே: டிசம்பர் 25 காலை ஸ்டர்லிங் போய், மதியம் ஃபால்கர்க் சக்கரம் (படகுகளைத் தூக்கி இறக்கும் சுழல் எந்திரம்) பார்த்து, மாலை திரும்புவதாகத் திட்டம். சரியாக வருமா?

வராது. 25 அன்று ரயிலே ஓடாது. 25, 26 இரண்டு நாளும் ஸ்டர்லிங் கோட்டை பூட்டியிருக்கும். ஜனவரி 1-லும் ரயில் எதிர்பார்க்காதீர்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள் என்று நானும் எத்தனை தடவைதான் எழுதுவது? டிசம்பரில் வெளிச்சம் வர எட்டே முக்கால் ஆகும், மூன்றே முக்காலுக்கு இருட்டிவிடும். ஏழு மணி நேரம்தான் பகல், அதற்குள் ஓர் இடம். ஜூன் கடைசியில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அப்போது இரண்டு இடம் கேளுங்கள், சொல்கிறேன்.

கே: கார் வாடகைக்கு எடுத்து விஸ்கி ஆலை பார்க்க ஆசை. இந்திய லைசென்ஸ் செல்லுமா?

செல்லும், 12 மாதம் வரை. வாடகை நிறுவனத்தின் தனி நிபந்தனைகளை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். வண்டி நம் ஊர் போல இடப்பக்கம்தான். கிராமத்து ஒற்றைப் பாதைகளில் எதிரே வருபவருக்கு ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள், அதில் நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள்.

பக்கத்தில் இருப்பது கிளென்கிஞ்சி ஆலை, ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஆனால் ஓட்டுகிறவர் சொட்டுகூடக் குடிக்கக்கூடாது. 2014 டிசம்பரிலிருந்து இங்கே எல்லை 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. ஒரே ஒரு பெக் என்ற பேச்சே வேண்டாம். ஓட்டுநர் என்று சொன்னால் ஆலைகளில் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுப்பது உண்டு, ராத்திரி அறையில் குடித்துக்கொள்ளலாம்.

கே: ஆகஸ்ட் கடைசியில் நார்த் பெரிக் போகிறோம். பஃபின் பறவைகளை எங்கே நின்று பார்த்தால் நன்றாக இருக்கும்?

ஆகஸ்ட் தொடங்கியதுமே அவை கடலுக்குக் கிளம்பிவிடும். ஏப்ரல் முதல் ஜூலைக்குள் வர வேண்டும். பரவாயில்லை, கேனட் பறவைகள் அக்டோபர் வரை இருக்கும். கரைக்கு எதிரே தெரியும் பாஸ் ராக் பாறை தூரத்தில் வெள்ளையடித்த மாதிரி இருப்பது அவற்றாலும் அவற்றின் எச்சத்தாலும்தான். ஒரு காலத்தில் ஒன்றரை லட்சம் பறவைகள். 2022 பறவைக் காய்ச்சலில் நிறையச் செத்துவிட்டன. இருந்தும் கண்கொள்ளாக் காட்சிதான். எடின்பரோவிலிருந்து ரயிலில் 35 நிமிடம்.

கே: கடல் வற்றும்போது நடந்தே போகக்கூடிய கிராமண்ட் தீவுக்குப் போனபோது தண்ணீர் முழங்கால் அளவு இருந்தது. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். நடந்திருக்கலாமோ?

திரும்பியது நல்லது, ஆனால் ஓதம் பார்க்காமல் போனது தப்பு. வற்றின உச்ச நேரத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம், அதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். பாதை தொடங்கும் இடத்தில் பலகை இருக்கிறது. இல்லாவிட்டால் கிராமண்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி 81400-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், நேரம் பதிலாக வரும். எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குள் ஹோலி ஐலண்டுக்குக் காரில் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பாதி வழியில் கால் ஊன்றி நிற்கும் அந்த வெள்ளைக் குடிசை அழகுக்கு வைத்ததல்ல. வண்டியை அலைக்கு விட்டுவிட்டு ஏறி உட்கார வைத்தது.

கே: ராஸ்லின் தேவாலயத்தில் உள்ளே போட்டோ எடுக்க எந்த லென்ஸ் நல்லது?

எந்த லென்ஸும் வேண்டாம், உள்ளே போட்டோவுக்கு அனுமதி இல்லை. முன்பதிவு செய்துவிட்டுப் போய்க் கண்ணால் பாருங்கள்.

கே: குடை கொண்டுவரலாமா?

இந்தக் காற்றுக்குக் குடை திரும்பிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைக்கோட்டு.

கே: நாங்கள் சுத்த சைவம். வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஆட்டிறைச்சியில் செய்யும் ஹாகிஸ் என்ற ஸ்காட்லாந்து உணவின் சைவ வகை பல இடங்களில் கிடைக்கிறது, நன்றாகவே இருக்கும். சூப்பும் வேகவைத்த உருளைக்கிழங்கும் எங்கும் உண்டு. சூப் இறைச்சி வெந்த தண்ணீரில் கொதித்ததா என்று கேட்டுவிடுங்கள். சின்ன ஊர்களில் மதியச் சமையலறையை இரண்டு, இரண்டரைக்கே மூடிவிடுவார்கள். மூன்று மணிக்குப் போய் நின்றால் கேக்கும் டீயும்தான். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனால் ரயிலில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.