கீபோர்டுக்கு எந்த ஸ்பீக்கர்?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். யமஹா பிஎஸ்ஆர் ஈ373, சொந்தக் காசில் வாங்கியது. ஞாயிறு ஆராதனைக்கு 80 பேர் போல வருவார்கள். கீபோர்டில் உள்ள ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கும் பாடகர் குழுவுக்கே கேட்பதில்லை. மைக் செட்டில் கொடுத்தால் தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறது, பேஸ் (கீழ்ஸ்வரச் சத்தம்) கொஞ்சமும் இல்லை. நண்பன் ஒருவன் தன் கிட்டார் ஆம்ப்பைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறான். கடைக்காரர், “1000 வாட் புளூடூத் ஸ்பீக்கர் இருக்கு, வயரே வேண்டாம்” என்கிறார். எதை வாங்கட்டும்?

எஸ்., நாசரேத்

அன்புள்ள தம்பி,

இந்த வாரம் எதையும் வாங்காதே. மைக் செட்டுக்கு எந்த வயரில் கொடுத்தாய் என்று முதலில் பார். ஜாக்கில் இரண்டு கறுப்புக் கோடு இருந்தால், உன் தகர டப்பாவுக்குக் காரணம் அநேகமாக அந்த வயர்தான்.

உன் கீபோர்டிலிருந்து சத்தத்தை வெளியே எடுக்க இருப்பது ஹெட்போன் சாக்கெட் ஒன்றுதான். அது ஸ்டீரியோ. ஜாக்கின் நுனியில் இடப்பக்கச் சத்தம் வரும், நடு வளையத்தில் வலப்பக்கச் சத்தம் வரும். மைக் செட்டில் வயர்களைச் சொருகும் மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட்டுக்கு இது தெரியாது. நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்து, மிஞ்சுவதை மட்டும் மேலே அனுப்பும். நீண்ட மைக் வயரில் ஏறும் இரைச்சலைப் போக்க அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஸ்டீரியோ வயரை நேராக அதில் சொருகினால், இரண்டு பக்கமும் சமமாக இருப்பதெல்லாம் கழிந்து போய்விடும். ஸ்டைலில், அதாவது கீபோர்டு தானாக வாசிக்கும் பின்னணியில், பேஸும் கிக் டிரம்மும் நட்டநடுவில் இருப்பவை. முதலில் காணாமல் போவது அவைதான். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ரிவர்ப் என்ற எதிரொலி மட்டும் மிஞ்சும். ஹெட்போனில் கேட்டால் பேஸ் இருக்கிறது, மைக் செட்டில் இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு முனையில் ஸ்டீரியோ ஜாக்கும் மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக்கும் உள்ள ஒய் வயர் கேட்டு வாங்கு. இரண்டையும் மிக்சரில் இரண்டு லைன் சேனலில் சொருகு. ஒரு சேனல்தான் காலி என்றால் ஒரு ஜாக்கை மட்டும் சொருகினாலும் போதும். ஸ்டீரியோவில் பதிவான பியானோ டோனை மோனோவில் ஒன்றாகக் கலந்தால் சில ஸ்வரங்கள் மெலிந்துவிடும். அதற்கு ஒரு பக்கம் மட்டும் கேட்பதே மேல். கீபோர்டு வால்யூமை முக்கால் அளவில் வைத்துவிட்டு மீதியை மிக்சரில் ஏற்று.

இதற்குப் பிறகும் மைக் செட் சரியில்லை என்றால் தனி ஸ்பீக்கரைப் பற்றி யோசிக்கலாம்.

கிட்டார் ஆம்ப் வேண்டாம். அது கிட்டாரின் ஸ்வரங்களுக்கென்று செய்தது, கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. உன் 61 கட்டைகளில் இடதுகோடி 65 ஹெர்ட்ஸ். நாளைக்கு 88 கட்டை வாங்கினால் 27.5 வரை இறங்குவாய். மேலே போனாலும் சிக்கல். கிட்டார் ஆம்ப்பில் பொதுவாக ட்வீட்டர் (மேல்ஸ்வரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) கிடையாது, 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தம் மளமளவென்று சரியும். கிட்டாருக்கு அது அழகு. உன் வயலின் டோனுக்கும் சிம்பலுக்கும் உயிரே அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. எலக்ட்ரிக் பியானோ டோன் ஒன்று மட்டும் அதில் நன்றாக இருக்கும்.

மெல்லிசைக் குழுவில் இருந்தபோது ஒரு கல்யாண மண்டபத்தில் கிட்டார் ஆம்ப்பில் வாசிக்க வேண்டி வந்தது. புல்லாங்குழல் டோன் சளி பிடித்தவன் பேசுவது போலக் கேட்டது. மூன்றாவது பாட்டில் இடது கையால் கீழ் ஸட்ஜத்தை அழுத்தினேன். ‘பர்ர்’ என்று காகிதம் கிழியும் சத்தம். ஸ்பீக்கரின் கோன் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. மீதிக் கச்சேரியை வலது கையால் மட்டும் வாசித்து முடித்தேன். அந்த ஆம்ப்பின் சொந்தக்காரர் ஒன்றுமே சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு போனது இன்னும் மனசில் இருக்கிறது.

புளூடூத் வழியாகப் பாட்டுக் கேட்கலாம், வாசிக்க முடியாது. கட்டையை அழுத்திச் சத்தம் வர 0.15 நொடி ஆகிறது என்று வை. காற்றில் ஒலி அதற்குள் 50 மீட்டர் போய்விடும். சர்ச் வாசலுக்கு வெளியே ஸ்பீக்கரை வைத்துவிட்டு உள்ளே இருந்து தாளம் பிடிப்பதற்குச் சமம். பாட்டு இழுத்துக்கொண்டே போகும், பழியெல்லாம் பாடுகிறவர்கள் மேல் விழும்.

அந்த 1000 வாட்டையும் நம்பாதே. பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிப் போடும் உச்ச வாட் கணக்கு) என்று போட்டிருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நல்ல கம்பெனியிலேயே யமஹா டிபிஆர்10 என்ற ஸ்பீக்கர் பீக்கில், அதாவது ஒரு கணத்து உச்சத்தில், 700 வாட், தொடர்ந்து கொடுப்பது 325. வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

80 பேருக்கு, ட்வீட்டரோடு கூடிய 10 இன்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) ஒன்று போதும். கீபோர்டு ஆம்ப் என்றே ரோலண்டில் கேசி-200 போல வருகின்றன. 100 வாட், 12 இன்ச், நல்ல பொருள். ஆனாலும் சர்ச்சுக்கு நான் ஆக்டிவ் ஸ்பீக்கரைத்தான் சொல்வேன். எடை குறைவு, ஸ்டாண்டில் ஏற்றலாம், நீ இல்லாத நாளில் மைக்குக்கும் ஆகும்.

கடைக்குப் போகும்போது உன் கீபோர்டையே எடுத்துப் போ. கடைக்காரர் போடும் சினிமாப் பாட்டை வைத்து முடிவு செய்யாதே. இடதுகோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக, ஒரே அழுத்தத்தில், மெதுவாக ஏறி வா. ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் ‘பூம்’ என்று உப்பினாலோ, பெட்டி அதிர்ந்தாலோ அதை விட்டுவிடு. வாங்கி வந்த பிறகு தரையில் மூலையோரம் வைக்காதே, பேஸ் குழம்பும். பாடகர் குழுவின் காது உயரத்துக்கு ஏற்றி, உனக்கும் கேட்கும்படி கொஞ்சம் திருப்பி வை.

ஞாயிற்றுக்கிழமை வயரை மாற்றிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்