உடலுக்குள் கரையும் பிளாஸ்டிக்: கேள்வி பதில்

அறுவைச் சிகிச்சைத் தையல் நூல்களின் தரப் பரிசோதனையில் பணிபுரியும் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஐயா, என் மனைவிக்குச் சிசேரியன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. தையலைப் பிரிக்க வேண்டாம், தானே கரைந்துவிடும் என்றார்கள். ஆனால் ஒரு நுனி இன்னும் வெளியே தெரிகிறதே?

பதில்: அது விக்ரில் வகை நூலாக இருந்தால், இப்போது தெரிவதில் வியப்பில்லை. 90 பங்கு கிளைகோலைடும் 10 பங்கு லாக்டைடும் சேர்ந்த அந்தப் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளை, திசுவிலுள்ள நீரே கண்ணி கண்ணியாக அறுக்கிறது. மிஞ்சும் அமிலங்களில் ஒன்றான லாக்டிக் அமிலம், வேகமாக ஓடும்போது நம் தசையிலும் உண்டாவதுதான். வலு குறைவது வேறு, நூல் மறைவது வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு வாரத்தில் முக்கால் பங்கும் மூன்று வாரத்தில் பாதியும் வலு மிஞ்சியிருக்கும்; அதற்குள் காயம் தன்னைத்தானே தாங்கத் தொடங்கிவிடும். நூல் முழுதும் மறைய 56 முதல் 70 நாட்கள் பிடிக்கும். நுனியை இழுக்காதீர்கள், சிவப்போ சீழோ கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் செவிலியர். உறையைப் பிரித்துவிட்டுப் பயன்படுத்தாத நூலை, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியில் மறுபடி வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது, அம்மா. உடலுக்குள் நடக்க வேண்டிய சிதைவை அந்தச் சூடான நீராவி முன்கூட்டியே தொடங்கிவைத்துவிடும். ஈரம் புகாத உறையில் அதை அடைப்பதும், எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்குவதும் இதனால்தான்.

கேள்வி: அப்பாவுக்கு, இரத்தக்குழாய் அடைபடாமல் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டை உலோகத்தில் வைத்தார்கள். கரையும் ஸ்டென்ட் கிடையாதா?

பதில்: இருந்தது. பாலிலாக்டிக் அமிலம் என்ற கரையும் பிளாஸ்டிக்கால் ஆன அப்சார்ப் ஸ்டென்ட்டுக்கு 2016 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் அளித்தது, ஏறத்தாழ மூன்றாண்டுகளில் கரைந்து, இரத்தக்குழாயைப் பழையபடி சுதந்திரமாக விட்டுவிடும் என்பதே எதிர்பார்ப்பு. உலோகத்தளவு வலு பிளாஸ்டிக்குக்கு இல்லாததால் அதன் கம்பிகளைச் சுமார் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்) தடிமனாக்க வேண்டியிருந்தது. இன்றைய உலோக ஸ்டென்ட்டுகளில் அது பெரும்பாலும் 100-க்குக் கீழ். தடித்த கம்பிகள் இரத்த ஓட்டத்தைக் குலைத்தன; உள்ளே இரத்தம் உறைவது உலோக ஸ்டென்ட்டைவிட அதிகமாக இருந்தது. அதைத் தயாரித்த அபாட் நிறுவனம் 2017-இல் விற்பனையை நிறுத்தியது. என் கணிப்பில் பொருளைக் குறை சொல்வதற்கில்லை. இதே பாலிலாக்டிக் அமிலத்தால் ஆன திருகுகள் எலும்பு அறுவைச் சிகிச்சையில் இன்றும் பயன்படுகின்றன. அங்கே தடிமனுக்கு இடமுண்டு, இரத்தக்குழாயில் இல்லை.